உம்மாவின் அலுமாரியும் விடாத பசையும்



உங்கள் வீட்டு அலுமாரிக் கதவை ஒரு தரம் பாருங்கள். சென்ற வருட நோன்பு நேர அட்டவணை செலோ டேப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு முந்திய வருடத்து அட்டவணை கிழிந்து போய், நாலு மூலைக்கும் மஞ்சள் பசை மட்டும் மிஞ்சியிருக்கும். கீழே பிள்ளைகள் ஒட்டிய பூவும் காரும், கொப்பிக்கென்று வாங்கிய பெயர் லேபலும். அதில் தூசு ஏறிக் கறுத்திருக்கும். பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் இதெல்லாம் நம் கண்ணில் படும். அந்த அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தேய்ப்போம்.

அப்படித் தேய்த்தவன்தான் நான். அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலம். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், உம்மாவுக்கு ஒத்தாசை செய்வோம் என்று, கேற்றுக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சிய தின்னரைத் துணியில் நனைத்து அலுமாரிக் கதவைத் துடைத்தேன். பசை ஒரே இழுப்பில் வந்தது. அதோடு உள்ளங்கையளவு பச்சைப் பெயின்ட்டும் வந்துவிட்டது. பலகை வெறுமையாகத் தெரிந்தது. வாப்பா மௌத்தாவதற்கு முந்திய வருடம் தன் கையால் அடித்த பெயின்ட் அது. உம்மா ஏசவில்லை. "பரவாயில்ல மகன், உடுங்க. வாப்பா அடிச்சது, அதான் பாத்தன்" என்றார்கள். அவ்வளவுதான். இத்தனை கிதாபு ஓதியவனுக்கு ஒரு போத்தல் தின்னர் என்ன செய்யும் என்று தெரிந்திருக்கவில்லை.

பிறகு தச்சு வேலை செய்யும் நானா ஒருவரிடம் விசாரித்துத்தான் விஷயத்தை விளங்கிக்கொண்டேன். ஸ்டிக்கரிலும் டேப்பிலும் இருப்பது மாப்பசையைப் போலக் காய்ந்து இறுகும் பசையல்ல. றப்பர் அல்லது அக்ரிலிக் இனத்தைச் சேர்ந்தது. எந்நாளும் பிசுபிசுப்பாக இருக்கவேண்டும் என்றே செய்யப்பட்டது. வெறும் தண்ணீருக்கு அது அசையாது. சூட்டுக்கும் எண்ணெய்க்கும் இளகும். நன்றாகக் காய்ந்த எனாமல் பெயின்ட்டை எண்ணெய் ஒன்றும் செய்யாது. ஆகவே பசைக்கு எதிரியாகவும் பெயின்ட்டுக்கு அந்நியமாகவும் உள்ள பொருள் நம் சமையலறையிலேயே இருக்கிறது: தேங்காய் எண்ணெய்.

தின்னரோ பெயின்ட்டைக் கரைப்பதற்கென்றே உள்ளது. அதனிடம் பசையை மட்டும் எடு என்று சொல்ல முடியாது. நெயில் பொலிஷ் ரிமூவரும் இப்படித்தான். நகத்துக்குப் பூசுவதும் தளபாடத்துக்கு அடிக்கும் லெக்கரும் பெரும்பாலும் ஒரே குடும்பம். ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைக்கும். பழைய பிரெஞ்சு பொலிஷ் கதிரையாக இருந்தால் ஸ்பிரிட்டைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அந்தப் பொலிஷையே செய்கிறார்கள்.

முதலில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், காலின் உட்பக்கத்திலோ பின்புறத்திலோ, நீங்கள் பாவிக்கப்போகும் எதையும் ஒரு துளி வைத்துத் துடைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரின் காகிதம் மிஞ்சியிருந்தால், இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அதன்மேல் பத்து நிமிடம் வையுங்கள். ஊறிய காகிதத்தை விரல் நுனியால் உருட்டி எடுக்கலாம். தண்ணீர் வழிய விடாதீர்கள். பெயின்ட் வெடித்த இடத்தால் தண்ணீர் இறங்கினால் பலகை ஊதிவிடும். இனிப் பசைதான் பாக்கி. தலைமுடி காயவைக்கும் ட்ரையர் வீட்டில் இருந்தால், குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் ஆட்டி ஆட்டிப் பிடியுங்கள். ஓரிடத்திலேயே பிடித்தால் பெயின்ட் கொப்பளிக்கும். இளகிய பசையைப் பழைய வங்கி அட்டையின் ஓரத்தால் மெதுவாகத் தள்ளுங்கள். கத்தியும் பிளேடும் வேண்டவே வேண்டாம். பசை புதிதாக இருந்தால் இன்னொரு துண்டு டேப்பை அதன்மேல் அழுத்தி வெடுக்கென்று இழுத்தாலே பாதி வந்துவிடும். பார்க்க விளையாட்டுப் போலிருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

மிச்சத்துக்குத்தான் எண்ணெய். பஞ்சில் தொட்டுப் பூசிக் கால் மணித்தியாலம் விடுங்கள். இதில்தான் நம்மில் பலர் பொறுமை இழக்கிறோம். பூசிய கையோடு தேய்த்தால் பசை பரவுமே தவிர வராது. ஊறியபின் துணியால் துடைத்தால் உருண்டு உருண்டு வரும். பல வருடத்து மஞ்சள் பசைக்கு இரண்டு மூன்று தரம் செய்ய நேரிடும். கடைசியில் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை இளஞ்சூடான தண்ணீரில் விட்டுத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். எண்ணெய் நின்றால் தூசு பிடிக்கும், எறும்பும் வரும். பின்னொரு நாள் பெயின்ட் அடித்தால் அதுவும் அவ்விடத்தில் பிடிக்காது.

எண்ணெயில் அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். பசை போகும், உண்மைதான். ஆனால் பளபளப்பும் சேர்ந்து மங்கும். சட்டி தேய்க்கும் கம்பியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைத் தளபாடத்துக்கும் அடித்திருந்தால் எண்ணெய் கூடாது. அது எண்ணெயை உறிஞ்சிக் கறையாக்கிக்கொள்ளும். அங்கே சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய சூடும் மட்டும். எல்லாம் எடுத்தபிறகும் ஸ்டிக்கரின் வடிவம் தெரிந்தால், விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பசையல்ல. சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளிறிவிட, மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெயின்ட்டில் ஈயத்துக்கு எல்லை விதித்த சட்டம் 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய தொட்டில், கட்டில், அலுமாரிகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அவற்றை மண்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். அது பசையை எடுக்கும்தான். ஆனால் சோடாப் போத்தலில் ஊற்றி அலுமாரி ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் திரும்பினால், தவழும் பிள்ளை குடித்துவிடும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். அதனால்தான் எண்ணெய்ப் போத்தல் இருக்கும் வீட்டில் இதை எடுக்காதீர்கள் என்கிறேன்.

துஆ எழுதிய ஸ்டிக்கர் என்றால் கிழிந்த துண்டுகளைக் குப்பையோடு கூட்டாமல், கால் படாத இடத்தில் புதைத்துவிடுங்கள். வேலை முடிந்து வுழூச் செய்யுமுன் விரலையும் நகக்கண்ணையும் பாருங்கள். பசை படலமாக ஒட்டியிருந்தால் தண்ணீர் தோலில் சேராது. அதற்கும் அதே எண்ணெயும் சவர்க்காரமும்தான்.

உம்மாவின் அலுமாரி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த உள்ளங்கையளவு இடத்துக்குச் சரியான பச்சை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நோன்பு அட்டவணையை இப்போது நாங்கள் ஒட்டுவதில்லை. மூலையில் ஒரு துளை போட்டு, நூல் கட்டி, கதவின் கைப்பிடியில் தொங்கவிடுகிறோம்.