போய் வாருங்கள், டீச்சர்



ஜவ்வாது மலையிலிருந்து, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். நாளெல்லாம் நின்றே பாடம் நடத்திய முழங்கால், இப்போது மடக்கினால் நீளமாட்டேன் என்கிறதாம். போளூர் போய் எக்ஸ்ரே எடுத்தார். தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். “அக்குபஞ்சர் போய்ப் பாரேன்” என்கிறார்களாம் கூட வேலை பார்ப்பவர்கள். “ஊசி என்றாலே எனக்குப் பயம். மலை இறங்கி ஏறவே ஒரு நாள் போய்விடும். போகலாமா, வேண்டாமா?” என்று கேட்கிறார்.

போய் வாருங்கள், டீச்சர். சிலதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் பயம். தடுப்பூசி போடும் ஊசிக்கு நடுவே துளை உண்டு. மருந்து இறங்க வேண்டுமே. அக்குபஞ்சர் ஊசியோ துளையில்லாத மெல்லிய கம்பி. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். கழுத்து வலிக்காக நான் முதல்முறை போய்ப் படுத்தபோது, சின்ன பிளாஸ்டிக் குழாயைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையில் நிறுத்தி, மேலே விரலால் ஒரு தட்டு தட்டினார் வைத்தியர். குத்தியதே தெரியவில்லை. சற்றுப் பொறுத்து அந்த இடம் கனத்து, மதமதப்பு முழங்கை வரை ஏறியது. “கனக்குதா?” என்றார். ஆமாம் என்றதும் திருப்தியாக அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்து, குறட்டை விட்டிருக்கிறேன். வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும்.

ஊசியே போடாமல், மணிக்கட்டில் நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புகிறவர்களும் நம் ஊரில் நிறைய. “இவ்வளவுதானா?” என்று திகைக்காதீர்கள்.

இந்தச் சீனத்து வைத்தியம் இங்கே வந்த கதை சுவையானது. 1938இல் இந்தியா சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸ் அங்கேயே உயிர்விட்டார். உடன் போன பி.கே.பாசு பிற்பாடு மறுபடியும் சீனா சென்று இதைக் கற்று வந்து, 1959இல் கல்கத்தாவில் தொடங்கினார். இலங்கையில் ஆன்டன் ஜயசூரிய, களுபோவில அரசு மருத்துவமனையில் இதைப் பரப்பினார். 2019இல் மத்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

சரி, வலி போகுமா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2007இல் வெளியானது. முறையாகப் புள்ளி பார்த்து ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். பலே என்று கைதட்டுமுன் மூன்றாவது கணக்கையும் கேளுங்கள்: புள்ளியே இல்லாத இடத்தில் சும்மா லேசாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 சதவீதம் பேருக்குக் குணம்! ஆகவே, சுகம் நிஜம். எங்கே குத்த வேண்டும் என்று வைத்தியர்கள் வைத்திருக்கும் புள்ளிகளின் வரைபடம் அவ்வளவு நிஜமா என்பது என் சந்தேகம். முழங்கால் தேய்மானத்துக்கே வந்தால், அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு 2019இல் முயன்று பார்க்கலாம் என்றது; இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான ‘நைஸ்’ 2022இல் வேண்டாம் என்றது. உடற்பயிற்சி அவசியம் என்பதில் மட்டும் இரண்டுக்கும் சண்டையில்லை. அதற்கு மலை இறங்க வேண்டியதில்லை, டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்தாலே தொடக்கம்.

வைத்தியர் “நோயெல்லாம் உடம்பிலுள்ள கழிவுதான், சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்கள், பிரஷர் மாத்திரை விஷம்” என்று ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் கைதான் தெய்வமாகத் தெரியும். அது மலைவாசிகளின் குற்றமில்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லாததால் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, உடலைத் தாய் கையில் ஏந்தியே நடந்தார். பாம்புக்கடி, நெஞ்சுவலி, பிரசவம் மூன்றுக்கும் அக்குபஞ்சர் ஊசியும் உதவாது, விரலும் உதவாது. மலைக்குத் தேவை சாலையும் விஷமுறிவு மருந்தும்.

போகிற அன்று சாமைச் சோறோ, இட்லியோ, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் சிலருக்குத் தலை சுற்றும். உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாலைந்து தடவையில் ஒன்றும் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பஸ் காசாவது மிஞ்சும். குணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், இதழில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்