கீழே ரூட் இருந்தால் பாவமா?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருக்கும் வெளிமாநிலத் தமிழ்ப் பெற்றோர்களுக்காக இந்தப் பதிவு. புனேயில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இங்கே டியூஷன்களில் கணக்கு சொல்லித்தரும் அழகைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

விஷயம் சின்னதுதான். விடையை 1/√2 என்று முடித்ததற்கு என் பெண்ணுக்கு அரை மார்க் போச்சு. √2/2 என்று எழுத வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், "அது ரூல்ப்பா, கீழே ரூட் இருக்கக்கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க" என்கிறாள். "பகுதியை விகிதமுறு எண்ணாக்குக" என்று தமிழ் மீடியத்தில் படித்த நமக்கும் காரணம் சொன்னவர்கள் எத்தனை பேர்?

அரை மார்க் கிடக்கட்டும். அது ரூல் என்றால் அடுத்த வருஷமே ஏன் மீறுகிறார்கள்? பத்தாம் வகுப்பு முக்கோணவியல் அட்டவணையைப் பாருங்கள். சைன் 45 டிகிரி 1/√2. டேன் 30 டிகிரி 1/√3. இரண்டிலும் ரூட் கீழேதான் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது!

காரணம் இதுதான். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 1ஐ 1.414ஆல் கையால் வகுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். 1.414ஐ 2ஆல் வகுப்பது வாய்க்கணக்கு, 0.707. இன்னொன்று, எல்லோரும் ஒரே வடிவத்தில் எழுதினால் விடைகளை ஒப்பிடுவது சுலபம். 2006ல் வந்த என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் காரணம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது: 1/√2 எண்கோட்டில் எங்கே என்று சட்டென்று தெரியாது, √2/2 என்றால் பூஜ்யத்துக்கும் √2க்கும் நட்டநடுவில். அந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகப் பயிற்சிக் கணக்குக்குப் போவது நம் ஆட்கள்தான்.

அதே பயிற்சியில் 1/(√7−√6) என்று ஒன்று வரும். மேலும் கீழும் √7+√6ஆல் பெருக்கு என்பார்கள். இதுதான் காஞ்சுகேட், தமிழில் இணை. நடுவில் உள்ள குறியை மட்டும் மாற்றினால் போதும். கீழே 7−6, அதாவது 1. விடை √7+√6. மார்க் வாங்கியாச்சு, மூடி வை!

மூடாதீர்கள். பிள்ளையை இரண்டு தசமத்தோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். √7 என்பது 2.65, √6 என்பது 2.45. கழித்தால் 0.20, விடை 5. இணை வழியில் கூட்டினால் 5.10. உண்மையான விடை 5.095. முதல் வழியில் பிழை ஏறத்தாழ 20 மடங்கு அதிகம். கிட்டத்தட்ட சமமான இரண்டு எண்களைக் கழித்தால் துல்லியம் செத்துப்போகும். இணை அதைக் காப்பாற்றுகிறது.

கம்ப்யூட்டரும் இதில் விழும். 10¹⁶+1க்கு வர்க்கமூலம் எடுத்து 10⁸ஐக் கழிக்கச் சொன்னால், வழக்கமான டபுள் கணக்கில் பூஜ்யம் என்று கூசாமல் சொல்லும். இணையால் பெருக்கி, கழித்தலைக் கூட்டலாக்கிக் கீழே தள்ளினால் 0.000000005 என்று சரியான மதிப்பு வரும். கவனித்தீர்களா, இங்கே ரூட்டை வேண்டுமென்றே கீழே அனுப்புகிறோம்! பதினொன்றாம் வகுப்பு லிமிட் கணக்கிலும் இதே தந்திரம் வரும். கீழே ரூட் இருந்தால் தப்பு என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே முழிக்காமல் என்ன செய்யும்?

ஆசிரியர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பேர், முடிக்க வேண்டிய போர்ஷன், அவர்கள் பாடு அவர்களுக்கு. "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்கும் நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்ததே பிள்ளைகள் படிப்புக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளையை வளர்க்க இவ்வளவு வாடகை எதற்கு?

பரீட்சையில் பகுதியை மாற்றச் சொன்னால் மாற்றட்டும், மார்க் வாங்கட்டும். ஆனால் 1/√2 தப்பு என்று யாராவது சொன்னால், "ஏன் மிஸ்?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அரை மார்க் போனாலும் பரவாயில்லை.