போலி யாத்திரிகன்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து ஊர் திரும்புவோர், அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பஸ் சீட்டை இக்காலத்தே கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்ள இயலும். இத்தகைய இணையதளங்களைக் காத்தற்கு நிபுணர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. மனிதனைப்போல் நடிக்கும் நிரல் ஒன்றை ஏவுவர். அது சில நிமிஷங்களுக்கொருமுறை தளத்துட் புகுந்து, ஊரும் நாளும் தெரிந்து, பெயர் எழுதி, பணஞ் செலுத்தும் படிவரை சென்று, ஒவ்வோரடிக்கும் ஆன விநாடிகளைக் குறித்துக்கொள்ளும். (சீட்டை மட்டும் வாங்கிவிடலாகாது!) 2004-ல் தோன்றிய செலீனியம் முதலிய கருவிகள் இதற்கு உதவுவன. மெய்யான பிரயாணி இடர்ப்படுமுன்னே பழுது வெளிப்படுதலின், இம்முறை நன்றே.

ஆயினும் அந்நிரல் பெரும்பாலும் விரைந்த இணைப்புடைய தரவு மையத்தினின்றே புறப்படுகின்றது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தருகே, பல்லாயிரவர் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரவில், மூதாட்டி ஒருத்தியின் பழைய கைப்பேசி படும் பாட்டை அஃது அறியுமோ? குறுஞ்செய்தியில் வரவேண்டிய கடவு எண் வந்து சேருமுன் அவகாசமே தீர்ந்துபோகலாம். மையத்திலோ பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவ்விளக்கைக் கண்டு யாவும் நலமென்பாரை நாம் ஒப்போம். மெலிந்த இணைப்பையும் மலிந்த கருவியையும் பாவித்து நடிக்கும் நிரல்களையே ஏவுதல் வேண்டும். மெய்ப்பயனர் காத்திருக்கும் நேரத்தையும் உடன் அளத்தல் வேண்டும். கணிதமும் கணினியும் பயிலும் நம் மாணவர் சிலர், அடுத்த பௌர்ணமியன்று அச்சாலையில் நின்று அளந்து வருவாராக.