பூகோளப் பாடமும் பூட்டிவைத்த பெட்டியும்

பூமி யாருக்குச் சொந்தம் என்பதில் ஆயிரம் வழக்கு இருக்கலாம். பூமியைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம் என்பதில் வழக்கே இருக்கக்கூடாது. ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் நடப்பது என்ன?

தமிழ்நாட்டில் 2018-19-ல் ஒன்பதாம் வகுப்புக்கும், 2019-20-ல் பத்தாம் வகுப்புக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பூகோளத்தில் பாறைக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம், வரைபடம், பேரிடர் என்று வரிசையாய் வைத்தார்கள். மலைப் பெயரையும் நதிப் பெயரையும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கச் சொன்ன பழைய பூகோளத்தைவிட இது மேலானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பாடத்தோடு கியூ.ஆர். கோடு என்னும் கறுப்புக் கட்டத்தையும் அச்சடித்துக் கொடுத்து, கைப்பேசியைக் காட்டினால் படமும் விளக்கமும் வரும் என்றார்கள். வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும், மலை மறைத்து அலை எட்டாத ஊருக்கும் அந்தக் கட்டம் வெறும் கறுப்பு மைதானே! பட்டணத்திலிருந்து மலைக்கு அனுப்புவதோடு பகிர்வு முடிந்துவிட்டதா? மலையிலிருந்து பட்டணத்துக்கு ஒன்றும் வரவேண்டியதில்லையா?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் திருப்புலி நாடு என்று ஒரு நாடு உண்டு. அங்கே உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தின் பெரும்பகுதி வாசலிலேயே கிடக்கிறது. லட்சக்கணக்கான வருஷ மழை பாறையைக் கரைத்து மணற்சத்தைக் கொண்டுபோக, மிஞ்சி நின்ற அலுமினியச் சத்தே அம்மலையில் வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட். இது பாறைக்கோளம். அய்யாறு செங்குத்தாய் விழும் இடத்துக்கு ஆகாய கங்கை என்று பேர் வைத்தார்கள். ஆகாயத்திலிருந்து விழுவது மழை ஒன்றே, கங்கை அல்ல என்று சொல்லுவது நீர்க்கோளம். ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும். ஆகையால் கீழே நாமக்கல் வேகும்போது மேலே குளிர்வது எந்தச் சாமியின் மகிமையுமல்ல. இது வளிமண்டலம். சாமையும் தினையும் விளைந்த காட்டில் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி ஏறிய கதை உயிர்க்கோளம். எழுபது கொண்டை ஊசி வளைவும் சமஉயரக்கோட்டுப் பாடமே!

இவ்வளவும் இருந்தும் பாடம் ஏன் உப்புச்சப்பில்லாமல் போகிறது? சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளியல் நான்கையும் ஒரே உபாத்தியாயர் தலையில் கட்டுகிறார்கள். அவரவர் தனித்தனியே ஒரே பாடக்குறிப்பை ஒன்பது பள்ளியில் ஒன்பது தரம் எழுதுகிறார்கள். நல்ல வரைபடம் போட்டவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். கேட்டால், “நான் கஷ்டப்பட்டு எழுதியதை அவன் ஏன் அனுபவிப்பது?” என்கிறார். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்ற கௌதம தர்ம சூத்திரத்தை நாம் கண்டிக்கிறோம். காதில் ஈயம் ஊற்றுவதற்கும், எழுதியதைக் காட்டாமல் பூட்டுவதற்கும் கொடுமையில் மலையளவு வித்தியாசம் உண்டு. ஆனால் அறிவு எனக்கு மட்டும் என்கிற புத்தியில் என்ன வித்தியாசம்?

பூகோள சாஸ்திரம் பிறந்த விதத்தையாவது இவர்கள் யோசிக்க வேண்டாமா? சுமார் 2,200 வருஷத்துக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்பவர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கோடையில் ஒரு குறிப்பிட்ட நாள் உச்சிப்போதில் எகிப்தின் சையீன் ஊரில் நிழல் இல்லை, அலெக்சாண்டிரியாவில் நிழல் உண்டு. அந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. எனவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு என்றார். ஒரு ஊர்க் குச்சியை மாத்திரம் வைத்துக்கொண்டு அவர் பூமியை அளந்திருக்க முடியுமா? இரண்டு ஊர்க் கணக்கு சேர்ந்ததாலல்லவா முடிந்தது!

கொல்லிமலையில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் உச்சிப்போதில் நட்ட குச்சிக்கு நிழல் விழாது. அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளிக்கூடம் நிழலை அளந்து கடிதம் போட்டால், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பூமியைத் தாங்களே அளந்துவிடலாம். ஆதிசேஷன் தலையில் பூமி இருக்கிறதென்ற புளுகு அன்றோடு சாகும். செலவு ஒரு குச்சி, ஒரு கயிறு, ஒரு தபால்.

ஆகவே உபாத்தியாயத் தோழர்களே! மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராதீர்கள். பாடம் தொடங்குமுன் மலைப் பள்ளிக்கூடத்தார் எல்லோரும் ஒருநாள் கூடுங்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயமாய்ப் பங்கிட்டு எழுதி நகல் எடுத்துக் கொடுங்கள். ஒரு பள்ளி கல்லைச் சேர்க்கட்டும், ஒரு பள்ளி நாள்தோறும் ஒரே நேரத்தில் மழையை அளக்கட்டும், ஒரு பள்ளி ஊர் வரைபடம் போடட்டும். மோகனூர்க் காவேரிக்கரைப் பள்ளிக்குப் பாக்சைட் கல்லை அனுப்பி ஆற்று மணலைக் கேட்டு வாங்குங்கள். தப்பு இருந்தால் அடுத்தவர் திருத்தட்டும். திருத்தப்படுவது அவமானமல்ல, திருத்த முடியாதது என்று சொல்லிக்கொள்ளும் சாஸ்திரத்துக்குத்தான் அவமானம்.

கொடுத்தால் குறையும் சொத்துக்குப் பூட்டு வேண்டும். கொடுத்தால் வளரும் அறிவுக்குப் பூட்டு எதற்கு? பெட்டியைத் திறப்பீர்களா என்று கேட்கின்றோம்.