டாலா டாங்கும் தேய்மானக் கணக்கும்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களுக்கு லேக் மார்க்கெட் பக்கம் வீடு அமைந்துவிட்டால் முருங்கைக்காய்க்கும் காபிப் பொடிக்கும் கவலையில்லை. ஒரு விஷயம்தான் கண்ணை உறுத்தும். பல தெருக்குழாய்களில் திருகே இருக்காது. தண்ணீர் அது பாட்டுக்குச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும். 2019-ல் சென்னையில் லாரிக்குக் குடத்தோடு நின்ற சொந்தக்காரர்களிடம் சொன்னால் வயிறெரிவார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது சார், அசையாது" என்று நம் ஆட்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது ஒப்புக்கொள்ள முடியாத பேச்சு. கட்டினதால் நிற்கவில்லை, பராமரிப்பதால் நிற்கிறது.

ஊருக்கு வடக்கே, பாரக்பூர் பக்கம் பல்தாவில் ஹூக்ளித் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். 1860களின் கடைசியில் ஆரம்பித்த நிலையம். அங்கிருந்து குழாய் வழியாக டாலாவுக்கு வருகிறது. டாலாவின் மேல்நிலைத் தொட்டி 1909-ல் ஆரம்பித்து 1911-ல் உபயோகத்துக்கு வந்தது. முழுக்க எஃகு, 110 அடி உயரத்தில் 90 லட்சம் காலன், நம் கணக்கில் சுமார் 4 கோடி லிட்டர்.

இதில் என்னைக் கவர்ந்தது உயரமோ கொள்ளளவோ இல்லை. உள்ளே நாலு அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். ஓர் அறையை மூடிக் கழுவலாம், துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். மற்ற மூன்றும் ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும். அதாவது வரைபடம் போடும்போதே 'இது ரிப்பேருக்கு வரும்' என்று எழுதி வைத்துவிட்டார்கள். 2010களின் பிற்பகுதியில் பெரிய பழுதுபார்ப்பு வந்தபோது, மொத்தத் தொட்டியையும் காலி செய்யாமல் அறை அறையாக வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

வடிகட்டும் வேலையும் அப்படித்தான். ஹூக்ளித் தண்ணீர் சேறும் சகதியும் கலந்தது. முதலில் தேக்கி வண்டலைப் படியவிட வேண்டும். அந்த வண்டலை அள்ளாவிட்டால் தொட்டியில் தண்ணீருக்கு இடமிருக்காது! மணல் படுகையில் மெதுவாக இறங்கவிட்டு வடிகட்டும் பழைய முறையில், மேலே ஒரு அழுக்குப் படலம் சேரும். கிருமியைப் பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கெட்டியானால் தண்ணீர் இறங்காது. மேல் மணலை வழித்து, கழுவி, திரும்பப் போட வேண்டும். இதற்கு ரிப்பன் வெட்ட எந்த மந்திரியும் வரமாட்டார்.

பேங்கில் புராஜெக்ட் லோன் ஃபைல்களைப் பார்த்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன். புதிதாகக் கட்டப் பணம் திரட்டுவது சுலபம்: மானியம் வரும், கடன் வரும், கல்வெட்டும் வரும். மணல் கழுவ வருஷா வருஷம் வருமானம் வேண்டும். அது எங்கிருந்து வரும்? சாதாரண வீடுகளுக்குத் தண்ணீர் வரி கிடையாது என்பதைக் கல்கத்தா மாநகராட்சி பல வருஷங்களாகக் கொள்கையாகவே சொல்லி வந்தது. காசிபூர் பக்கத்து வார்டுகளில் மீட்டர் பொருத்தியபோதுகூட, எவ்வளவு வீணாகிறது என்று பார்க்கத்தான், காசு வாங்க இல்லை என்றார்கள். மீட்டர் உண்டு, பில் இல்லை. காமர்ஸ் படித்தவனுக்குத் தூக்கம் வருமா?

ஏழை எங்கே போவான் என்று உடனே கேட்பீர்கள். நியாயம். தெருக்குழாயில் பாத்திரம் துலக்குகிறவரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. சுத்தமான தண்ணீர் அவருக்கு எட்டாமல் போனால் வாந்திபேதி திரும்பி வரும். அந்தச் செலவு வரியைவிடப் பெரிது. நான் சொல்வது நம்மைப் பற்றி. நிலத்தடித் தொட்டியில் பிடித்து, பம்ப் போட்டு மாடிக்கு ஏற்றி, மூன்று பாத்ரூமில் ஷவர் வைத்திருக்கும் ஃபிளாட்காரர்கள். லிஃப்ட் பராமரிப்புக்கும் வாட்ச்மேனுக்கும் மாதாமாதம் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் இனாம் வேண்டுமா? ஒரு குடும்பத்துக்குத் தேவையான அளவு வரை இலவசமாக இருக்கட்டும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் பில் போடட்டும். வரும் காசைத் தனிக் கணக்கில் வைத்து, பல்தாவிலும் டாலாவிலும் குழாய் மாற்றவும் மட்டும் செலவழிக்கட்டும். பொதுக் கணக்கில் கலந்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் அந்தத் தெருக்குழாய்களுக்குத் திருகு போடட்டும். அதற்கு லோன்கூட வேண்டாம்.