ஹெரால்டுக்கு எதுக்குய்யா எல்.எஸ்.டி?

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் யாரோ கழற்றிப் போட்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை மாட்டினால் வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகுமாம். ஸ்பிட்ஃபயருக்குப் போடுகிறார்களே, அது பிறந்த ஹெரால்டு சேஸிக்கும் போடலாமே என்று ஒரு வாதம்.

அச்சன்புதூர் வயலுக்குப் போனால் விஷயம் விளங்கும். டிராக்டரின் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும்போது டிரைவர் டிஃப் லாக்கை மிதிப்பார். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி மேலே வரும். எல்.எஸ்.டி. அதையே கொஞ்சம் குறைவாக, தானாகச் செய்கிறது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளின் உராய்வால். பழைய சரக்கில் முதலில் தேய்ந்திருப்பதும் அந்தத் தகடுகள்தான்! தேய்ந்துவிட்டால் அது சாதாரண டிஃபரன்ஷியல், விலை மட்டும் ஜாஸ்தி.

சரி, நல்லதே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் தயாரான ஹெரால்டின் 948 சிசி இன்ஜின், காய்ந்த தார் ரோட்டில் சக்கரத்தை வழுக்கவிட்டுவிடுமா என்ன? (இறக்கத்தில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.) அதன் வியாதி ஸ்விங் ஆக்சில். வளைவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். அதை எந்த எல்.எஸ்.டி.யும் நிமிர்த்தாது. 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-க்கு டிரயம்ஃப் மாற்றியது பின் ஸ்பிரிங்கை. 1972-ல் கெஸலுக்கு ஸ்டாண்டர்டு கம்பெனி மாற்றியது பின் ஆக்சிலையே. காரைச் செய்தவர்களே கை வைத்த இடத்தை விட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் எதைத் தேடுகிறார்கள்?