தெருவும் நம் பொறுப்பே



வடமதுரை போன்ற பேரூர்களில் அக்கம்பக்கத்தார் கூடினால் பேச்சு இரண்டு: ஒன்று காவல், மற்றொன்று குப்பை.

காவலரையும் மக்களையும் இணைக்க, 1993இல் இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கியதே ‘காவல்துறை நண்பர்கள்’ குழு. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தனர். குழுவினர் மீதும் புகார் எழ, அரசு அதைத் தடைசெய்தது. பிறரைக் கண்காணிக்கும் பொறுப்பு, கேள்வி கேட்பாரின்றி இருத்தல் ஆகாது.

குப்பையிலோ நாம் கண்காணிக்க வேண்டியது நம்மையே! மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. உடைந்த கண்ணாடியைச் சோற்றுக் கழிவோடு கலந்துவிட்டால் கிழிவது யாருடைய கை? தூய்மைப் பணியாளரும் ஒரு வீட்டின் தாயல்லவா?

சகோதர சகோதரிகளே! நாளைக் காலை வண்டிக்காரரிடம் வாளியை நீட்டுமுன் சற்றே சிந்தியுங்கள்!